காகிதக் கூம்புக்கு வயது நூறு

1925ஆம் ஆண்டில் உலகின் இரு மூலைகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்னும் இரு பொறியியலாளர்கள், குழல் இல்லாமலே பேசும் புதுவகை ஒலிபெருக்கி ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பில், ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட் இலங்கையின் வானொலி நிலையத்தைத் திறந்து வைத்தார். இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக்கு, அந்த அமெரிக்கக் கூம்பின் வாயிலாகத்தான் இந்த நாடு தன்னைத் தானே கேட்டுக்கொண்டது.

வானொலியைப் பற்றி எழுதுவோர் நம்மிடையே பலர். அறிவிப்பாளர்களைப் பற்றியும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குரல்கள் எதன் வழியாக நம் செவிக்கு வந்தன என்று மட்டும் யாரும் அதிகம் கேட்பதில்லை. கந்தளாயில் என் வீட்டின் பின் அறையில் சில காலமாகப் பழைய ஒலிபெருக்கிகளோடு காலம் கழித்து வருகிறேன். அவற்றைத் திருத்தும்போது தெரிந்துகொண்டவற்றையும், அதற்காகப் படித்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

குழலிலிருந்து கூம்புக்கு

மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளைக் காந்தப் புலத்தில் வைத்தால் அது அசையும். அந்த அசைவைக் காற்றுக்குக் கடத்தினால் ஒலி பிறக்கும். கருத்து எளிது, காரியம்தான் கடினம். ஜேர்மனியில் வெர்னர் சீமென்ஸ் 1870களிலேயே இதற்குக் காப்புரிமை கோரினார். 1898இல் இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் இன்னொரு வடிவம் கண்டார். ஆனால் அக்காலத்தில் மின் சைகையைப் பெருக்கிக் கொடுக்கும் வால்வுகள் இல்லை. சுருள் இருந்தது, அதை உலுக்கும் வலு இல்லை.

1915இல் கலிபோர்னியாவில் டென்மார்க் நாட்டவரான பீற்றர் ஜென்சனும் அவரது கூட்டாளி எட்வின் பிரிதமும் அசையும் சுருளை ஒரு நீண்ட குழலோடு பொருத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மக்னவொக்ஸ். இலத்தீனில் 'பெருங்குரல்' என்று பொருள். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோ நகரில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் இந்தக் கருவியின் துணையோடு உரையாற்றினார். ஒரு மனிதனின் குரல் அவனுடைய தொண்டையின் வலிமையைக் கடந்து சென்ற நாட்கள் அவை. அதற்கு முன்பு பெருங்கூட்டத்தில் பேச வேண்டுமானால் உரத்த குரல் வேண்டும். அதன் பின் ஒலிவாங்கியின் முன்னால் நின்றால் போதும் என்றாயிற்று. கடந்த நூற்றாண்டின் அரசியலை மாற்றிய கருவிகளின் பட்டியலில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

குழல் உரக்கப் பேசும், ஆனால் மூக்கால் பேசும். வீட்டுக்குள் வைத்து இசை கேட்க அது உதவாது. ரைஸும் கெலொக்கும் செய்தது இதற்கான தீர்வு. சிறிய காகிதக் கூம்பு ஒன்றின் நடுவில் சுருளை ஒட்டினார்கள். கூம்பின் விளிம்பை நெகிழ்வாகத் தொங்கவிட்டார்கள். முன்பக்கத்து ஒலியும் பின்பக்கத்து ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடாமல் இருக்க, நடுவில் துளையிட்ட தட்டில் அதைப் பொருத்தினார்கள். ரேடியோலா 104 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது விலை 250 டொலர். அன்று போர்ட் மோட்டார் வண்டியின் மிக மலிவான வகையை ஏறக்குறைய அந்த விலைக்கு வாங்கலாம். நூறு ஆண்டுகள் கழிந்தும், உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் நகத்தளவு ஒலிபெருக்கி முதல் திரையரங்குப் பெட்டி வரை பெரும்பாலானவை இயங்குவது அந்தச் சுருளும் காந்தமும் கொண்ட முறையில்தான்.

நீர்மூழ்கியின் உதிரிகளிலிருந்து

இலங்கையில் ஒலிபரப்பின் தந்தை என்று போற்றப்படுபவர் எட்வர்ட் ஹார்ப்பர். தந்திப் பகுதியின் பொறியியலாளராக 1921இல் இங்கு வந்தவர். 1920களின் முற்பகுதியில், கொழும்பு மத்திய தந்திக் காரியாலயத்தின் சிறு அறையொன்றிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரிசோதனை செய்தார்கள். முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்த ஒலிபரப்பியைச் செய்தார்கள் என்பது வானொலி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பழைய பொருளைத் திருத்திப் புதிய பயன் காண்பது இந்த நாட்டின் ஒலிபரப்புக்குப் பிறவிக் குணம் என்று சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் எங்கள் மாவட்டத்தை நேரடியாகத் தொட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். படையினருக்காக ரேடியோ சியாக் என்ற நிலையம் கொழும்பிலிருந்து இயங்கியது. அதற்கென ஏக்கலையில் நிறுவிய வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. ஒரு சிறு தீவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வலிமை கொண்ட ஒலிபரப்பி கைவசம் இருந்ததால், இந்தியா முழுவதும் அதன் செவிக்குள் வந்தது.

அதற்குக் காலமும் கைகொடுத்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளிவைத்தது. கேட்க விரும்பியவர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் பல்லாண்டுகள் நீடித்தது. எஸ்.பி. மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களை யாழ்ப்பாணத்தவர்களைப் போலவே தஞ்சாவூர்க்காரர்களும் இராமநாதபுரத்தவர்களும் அறிந்திருந்தார்கள்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் கவனிக்க வேண்டும். சிற்றலையில் வரும் குரலுக்கு ஆழ்ந்த தாழ்சுருதியும் கிடையாது. மிக உயர்ந்த சுருதியும் கிடையாது. நடுப்பகுதிதான் வரும். அக்காலத்து வால்வு வானொலியின் எட்டு அங்குலக் காகிதக் கூம்பும் அந்த நடுப்பகுதியைத்தான் மிக அழகாகப் பேசும். அதைச் சுற்றியிருந்த மரப்பெட்டி அதற்குச் சற்றுக் கனம் சேர்த்தது. அறிவிப்பாளரின் குரல், வானலை, கூம்பு, மரம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு குரலைத்தான் நம் பெற்றோர் கேட்டார்கள். அதே பதிவை இன்று கைத்தொலைபேசியில் கேட்டுவிட்டு 'இதற்கா அப்படி மயங்கினார்கள்?' என்று கேட்கும் இளைஞர் மீது பிழையில்லை. அவர் கேட்பது நான்கில் ஒரு பங்கு மட்டுமே.

கந்தளாயில் கிடைத்த பெட்டி

கந்தளாயை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். திருகோணமலையிலிருந்து தென்மேற்கே, கொழும்பு செல்லும் வீதியில் உள்ள ஊர் இது. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலின் வயல்களுக்காகக் கட்டியது என்று எங்கள் மரபு சொல்லும் பெருங்குளம் இங்கே இருக்கிறது. சிங்கள வரலாறு அதை அக்கபோதி மன்னனோடு சேர்த்துச் சொல்லும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தவரும் அந்த ஒரே குளத்து நீரில் பயிர் செய்தவர்கள். வானொலிப் பெட்டியும் அப்படியே. ஒரே முள், சற்று நகர்த்தினால் சிங்கள சேவை. இன்னும் சற்று நகர்த்தினால் தமிழ்ச் சேவை.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் அந்தக் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பயிர்நிலம் பாழாயிற்று. உறக்கத்தில் இருந்தவர்களைத் தண்ணீர்தான் எழுப்பியது.

நான் திருத்திய வால்வு வானொலி அந்த வெள்ளத்தைக் கண்ட ஒரு வீட்டிலிருந்து வந்தது. 1950களின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ஐரோப்பியப் பெட்டி. சுவரோரத் தட்டில் இருந்ததால் அடித்து செல்லப்படாமல் தப்பியது. ஆனால் வண்டல் கலந்த நீர் பெட்டியின் கால்வாசி உயரத்துக்கு ஏறி நின்றிருக்கிறது. அடியில் இருந்த மின்மாற்றி முழுதும் மூழ்கி வீணாகிவிட்டது. பலகையின் அடுக்குகள் பிரிந்துவிட்டன. காகிதக் கூம்பின் கீழ்ப்புறத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. நீர் நடுவரை ஏறாததால் சுருளும், அது அசையும் காந்த இடைவெளியும் பிழைத்துக்கொண்டன. வீட்டார் அதைப் பழைய இரும்பு வியாபாரிக்குக் கொடுக்க மனமில்லாமல் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தார்கள். காரணம் கேட்டபோது, "அப்பா செய்தி கேட்ட பெட்டி" என்று மட்டும் சொன்னார்கள்.

கூம்பும் காந்தமும்

பழைய ஒலிபெருக்கி ஒன்று கையில் கிடைத்தால் அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. விரல்களைக் கூம்பின் இருபுறமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்திப் பார்க்க வேண்டும். சத்தமின்றிச் சென்று வந்தால் சுருள் நடுவில் இருக்கிறது. உரசும் ஓசை கேட்டால் தூசியோ துருவோ இடைவெளிக்குள் புகுந்திருக்கிறது, அல்லது கூம்பு சரிந்திருக்கிறது. பின்னர் மல்ரிமீற்றர் வைத்துச் சுருளின் தடையைப் பார்க்க வேண்டும். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஒலிபெருக்கி மீற்றரில் 6 ஓமுக்குச் சற்று மேலோ கீழோ காட்டும், அது பழுதன்று. முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது. 1.5 வோல்ற் பற்றரியின் நேர்முனையை நேர்முனையில் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டிகள் வைப்பவர்கள் இதைப் பார்க்காவிட்டால் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். தாழ்சுருதி காணாமற் போய்விடும்.

திருகோணமலையில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் எனக்கு முதல் நாளே ஒன்று சொன்னார்: "தம்பி, எதையும் கழட்டும், காந்தத்தை மட்டும் கழட்டாதையும்." காரணம் உண்டு. அக்காலத்துக் காந்தங்கள் அலுமினியம், நிக்கல், கோபால்ற் கலந்த அல்னிக்கோ என்னும் உலோகத்தால் ஆனவை. காந்தத்தையும் அதைச் சுற்றிய இரும்பையும் பிரித்தால் அதன் வலு குன்றிவிடும். திரும்பப் பூட்டினாலும் பழைய பலம் வராது. 1978இல் சயீர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் மூண்ட போரால் கோபால்ற் விலை வானளவு ஏறியது. அதன் பின்னர் உற்பத்தியாளர்கள் மலிவான பெரைற் காந்தத்துக்கு மாறினார்கள். ஆபிரிக்கச் சுரங்கமொன்றின் போர் நம் வீட்டு ஒலிபெருக்கியின் காந்தத்தை மாற்றியது. இன்னும் பழைய, 1930களின் பெட்டிகளில் நிலைக்காந்தமே இராது. மின்சாரம் பாயும் பெருஞ்சுருள் ஒன்றுதான் காந்தமாக இயங்கும். அது வானொலியின் மின்வழங்கலிலும் ஒரு பாகம் என்பதால், ஒலிபெருக்கியை மட்டும் மாற்றிவிட்டுப் பெட்டியை இயக்க முடியாது.

கிழிந்த கூம்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெல்லிய திசுக் காகிதத்தை வாரால் கிழித்து, நீர் கலந்த வெள்ளைப் பசையில் தோய்த்து, கிழிசலின் இருபுறமும் ஒட்டினால் போதும். கத்தரியால் வெட்டிய ஓரத்தைவிடக் கையால் கிழித்த ஓரம் கூம்போடு நன்றாகக் கலக்கும். பசை கூடினால் கூம்பு கனத்துவிடும், குரலும் மந்தமாகிவிடும்.

1970கள், 80களில் வந்த பெட்டிகளின் நோய் வேறு. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோதும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பியபோதும் வந்த பெட்டிகள் அவை. அவற்றில் பலவற்றின் கூம்பு விளிம்பில் பொலியூரிதேன் ஸ்பொஞ்ச் வளையம் இருக்கும். காற்றின் ஈரம் அதன் வேதிப்பிணைப்பை மெல்ல அறுக்கும். ஐரோப்பாவில் இருபது ஆண்டு நிற்பது நம்மூரில் அதற்கு முன்பே விரல் பட்டால் உதிரும். வாடைக் காற்றின் மழைக்காலமும், உடலைக் காயவைக்கும் கச்சான் காற்றும் மாறி மாறி வரும் எங்கள் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். மூடி வைத்த பெட்டியிலும் இது நிகழும். பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்து, அதே அளவில் புதிய வளையம் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது சுருள் நடுவில் நிற்பதற்கு, நடுமூடியை வெட்டி எடுத்து, சுருளுக்கும் இரும்புக்கும் இடையில் மெல்லிய படச்சுருள் கீற்றுகளைச் சுற்றிலும் சொருகி வைப்பார்கள். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டினால் நன்றாகப் பொருந்தும். பசை காய்ந்த பின் கீற்றுகளை உருவிவிட்டு மூடியை ஒட்டலாம்.

பழையதில் ஒரு சிறப்பு இருக்கிறது. வால்வு வானொலிக்கு இருந்த வலு மூன்று நான்கு வாற் மட்டுமே. ஆகவே ஒலிபெருக்கியை மிகுந்த உணர்திறனோடு செய்தார்கள். இன்றைய சிறு பெட்டி அதே உரப்பில் பேசுவதற்குப் பத்து மடங்கு மின்வலு கேட்கும். அன்றைய பொறியியலாளர் கூம்பை மெலிதாக்கினார், காந்தத்தைக் கனமாக்கினார். இன்றையவர் வலுவைக் கூட்டிப் பெட்டியைச் சிறிதாக்குகிறார். 1954இல் எட்கர் வில்சர் காற்றடைத்த சிறு பெட்டியைக் கண்டதும், 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் பெட்டியின் கொள்ளளவைக் கணிக்கும் கணிதத்தை வகுத்ததும் இந்த மாற்றத்தின் இரு படிகள்.

வைக்கும் இடமும் முக்கியம். பின்பக்கம் திறந்த வால்வு வானொலியைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. சில அங்குலம் விட வேண்டும். மூலையில் வைத்தால் தாழ்சுருதி வீங்கும். ஓலைக்கூரையும் சாணம் மெழுகிய தரையும் ஒலியை உறிஞ்சிக்கொண்ட காலம் போய்விட்டது. இன்றைய சீமெந்துச் சுவரும் பளிங்குத் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒரு கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு பாய், சுவரில் ஒரு புத்தக அலுமாரி இருந்தால் விலை உயர்ந்த கருவி தர முடியாததை அவை தரும்.

இரு ஒலிபெருக்கிகள்

ஜென்சனின் குழலும் ரைஸ், கெலொக்கின் கூம்பும் ஒரே விஞ்ஞானத்தின் பிள்ளைகள். ஆனால் சமூகத்தில் அவை செய்த வேலை வெவ்வேறு. மரத்தின் உச்சியில் கட்டிய குழல் பேசுபவனின் கருவி. கோயில் திருவிழா, தேர்தல் மேடை, மரண அறிவித்தல் எல்லாம் அதில் வரும். வேண்டாம் என்று சொல்ல ஊராருக்கு வழியில்லை. வீட்டு வானொலியின் கூம்பு கேட்பவனின் கருவி. அதில் ஒரு குமிழ் இருக்கிறது. திருப்பலாம், தாழ்த்தலாம், அணைக்கலாம்.

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்களும் கண்டன. இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குத் தடை விதித்தது. கேட்காமல் இருக்கும் உரிமையும் ஓர் உரிமைதான் என்பதே அதன் சாரம். மறுபக்கத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரங்களில் எழுப்பிய எச்சரிக்கைக் கோபுரங்களின் உச்சியில் இருப்பவையும் அதே குழல்கள்தாம். கந்தளாய் அணை உடைந்த இரவை நினைப்பவர் குழலை முற்றாக வெறுக்க முடியாது.

அரசுகள் குழலைவிடக் குமிழுக்கே அதிகம் அஞ்சின. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே நிறுவனம் 1980களில் திருகோணமலையில் அஞ்சல் நிலையம் அமைத்தபோது இந்தியா சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1987 இலங்கை–இந்திய உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் இராணுவ, புலனாய்வு நோக்குகளுக்குப் பயன்படாதவாறு மீளாய்வு செய்யப்படும் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கிற்கு பற்றரிகளும் தடைப்பட்டன. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி பேசும். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து பீ.பீ.சி. தமிழோசையும் மணிலாவின் வெரித்தாஸும் கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தி ஓயும். செய்தித்தாளில் வேலை பார்த்த எனக்கு, செய்தி மீது மனிதருக்கு இருக்கும் பசியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது.

ஆகவேதான் இந்தப் பெட்டிகளை வெறும் பழம்பொருளாக நான் பார்ப்பதில்லை. இந்த மாவட்டத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் பலர் கதவைக்கூடப் பூட்டாமல் போனவர்கள். அவர்கள் விட்டுச் சென்றவற்றில் எழுத்து ஆவணம் குறைவு. எந்த வீட்டில் எந்த நிலையத்தில் முள் நின்றது என்பதும் ஓர் ஆவணம்தான். சில பெட்டிகளின் கண்ணாடித் தகட்டில் பென்சிலால் போட்ட சிறு குறிகள் இன்னும் இருக்கின்றன. திருத்துபவர்கள் முதலில் துடைத்தெறிவது அவற்றைத்தான். தயவுசெய்து துடைக்காதீர்கள். வெள்ளத்துப் பெட்டியின் மின்மாற்றியை மீளச் சுற்றினேன். வறண்டுபோன கண்டென்சர்களை மாற்றினேன். பலகையைப் பசையிட்டு இறுக்கினேன். கூம்பின் பழுப்புக் கோட்டை மட்டும் தொடவில்லை. அது குரலைக் கெடுக்கவும் இல்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் வீட்டை விற்கவோ இடிக்கவோ வரும்போது, மூலையில் கிடக்கும் வானொலியை இரும்பு வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதைத் திருத்த முடியாவிட்டாலும் படம் எடுத்து வையுங்கள். முள் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அதில் என்ன கேட்டார்கள், யார் பக்கத்தில் இருந்து கேட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். மின்மாற்றியை மீளச் சுற்ற இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.